நீதிபதி நாற்காலிக்கு வழி: தேர்வா, தேர்தலா?

புதுதில்லி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுன்டியில், 280-வது மாவட்ட நீதிமன்றம் என்றொரு நீதிமன்றம் இயங்குகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பாதுகாப்பு உத்தரவு வழங்குவதுதான் அதன் முதன்மையான பணி. அதன் நீதிபதி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அடிபட்ட பெண்களுக்காகப் பல ஆண்டுகள் வழக்காடிய ஒரு வழக்கறிஞர் "இனி இந்த நாற்காலியில் நானே அமர வேண்டும்" என்று தீர்மானித்தால், கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் பெயர் கொடுத்து, துண்டுப் பிரசுரம் அச்சடித்து, வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்க வேண்டும்.

தில்லியின் சாகேத் நீதிமன்றத்திலோ தீஸ் ஹசாரியிலோ அதே பணியை அதே அளவு காலம் செய்த ஒரு வழக்கறிஞருக்கு அதே ஆசை வந்தால் என்ன வழி? வாக்குக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வேறு வழியும் அநேகமாக இல்லை என்பதுதான் விநோதம்.

நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை இந்தியாவுக்கு வேண்டும் என்று இங்கே எந்தக் கட்சியும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. ஆயினும், குடும்ப வன்முறை வழக்கைக் கேட்கும் நாற்காலியில் யார் அமர்கிறார், எப்படி அமர்கிறார் என்ற கேள்வி, 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து வழங்கிய தீர்ப்புகளுக்குப் பிறகு புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது.

மூன்று நாள், அறுபது நாள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு கொண்டு வந்த மசோதா, "வழக்கமாக" அடிப்பவரை மட்டுமே குற்றம் சொன்னது. தன்னையோ தன் சொத்தையோ காத்துக் கொள்வதற்காக நடந்து கொண்டதாகக் கணவர் வாதாடவும் அது இடம் கொடுத்தது. மகளிர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தனர். நிலைக்குழுவும் ஆராய்ந்தது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் வந்த சட்டம் பெருமளவு மாறிய வடிவம்.

மனு கிடைத்த மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணை, அங்கிருந்து அறுபது நாள்களுக்குள் முடிவு என்பது சட்டம் காட்டும் இலக்கு. எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று ஆணையிடலாம். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, இழப்பீடு ஆகிய அனைத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். இத்தனை அதிகாரமும் ஒப்படைக்கப்பட்டிருப்பது உயர் நீதிமன்றத்திடம் அல்ல. நீதித்துறைப் படிக்கட்டின் அடிப்படியில் உள்ள முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம். காசோலை மோசடி, சிறு திருட்டு, ரிமாண்ட் என்று மலையாகக் குவிந்த கோப்புகளுக்கு இடையில்தான் அவர் இந்த மனுவையும் பார்க்கிறார். பெருநகரங்களில் மகளிர் நீதிமன்றம் என்று தனியே இருந்தாலும் அங்கு அமர்பவரும் அதே பணிநிலையைச் சேர்ந்தவர்தான்.

இலக்குக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்தை ஒரே எண்ணிக்கை காட்டிவிடும். 2022 ஜூலை 1 நிலவரப்படி இச்சட்டத்தின் கீழ் நிலுவையில் இருந்த வழக்குகள் சுமார் 4.71 லட்சம் என உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கே வராதவர்கள் இதில் சேரவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறையை அனுபவித்துள்ளனர். தமிழகத்தில் இது 38.1 சதவீதம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இவ்வழக்குகளில் நீதிபதியின் மனப்பாங்கு மற்ற வழக்குகளைவிட அதிகம் பேசும். நடைமுறையைத் தாமே வகுத்துக் கொள்ளச் சட்டத்தின் 28-வது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்கு இடமளிக்கிறது. சாட்சி பெரும்பாலும் அந்தப் பெண் ஒருவர்தான். முதல் நாளிலேயே இடைக்கால உத்தரவு தருவதா, "கணவருக்கு நோட்டீஸ் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வாய்தா போடுவதா என்பது ஐந்து நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவு. அன்று மாலை அவர் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்பது அதைப் பொறுத்தது.

வீடு என்ற சொல்லுக்கே நீதிமன்றங்கள் தந்த பொருள் மாறியிருக்கிறது. சட்டம் வந்த சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் வசிக்கும் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் கூறியது. கூட்டுக் குடும்பங்களில் வீடு யார் பெயரில் இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். அத்தீர்ப்பு தவறு என்று 2020 அக்டோபர் 15-இல் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அறிவிக்கும் வரை பதினான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

மூன்றாண்டு வழக்காடிய பிறகே

இந்த நாற்காலிக்கு வரும் பாதைதான் 2025 மே 20-இல் மாற்றப்பட்டது. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் ஏ.ஜி. மசி, கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வு, சிவில் நீதிபதி (இளநிலை) தேர்வு எழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று விதித்தது. மாஜிஸ்திரேட்டுகளும் இதே பணிநிலையிலிருந்து வருபவர்களே. பத்தாண்டு அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர் சான்றளிக்க வேண்டும். அதை நீதித்துறை அதிகாரி உறுதி செய்ய வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் கணக்கில் சேரும். ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட தேர்வுகளுக்கு விதி பொருந்தாது.

இது புதிய விதியல்ல. 1993-இல் உச்ச நீதிமன்றமே விதித்து, ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002-இல் உச்ச நீதிமன்றமே கைவிட்ட விதி இது. திறமையான இளைஞர்களைக் கல்லூரியிலிருந்து நேரே ஈர்க்க வேண்டும் என்பது அன்றைய வாதம். பதவியேற்ற நாள் முதலே மக்களின் உயிர், உடைமை, சுதந்திரம் பற்றி முடிவெடுப்பவருக்குப் புத்தக அறிவும் பயிற்சியும் மட்டும் போதாது என்பது 2025-இன் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

குடும்ப வன்முறை வழக்குகளைப் பொறுத்தவரை இரண்டாவது வாதமே வலுவானது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், தேர்வு மையத்திலிருந்து நேராக மேடை ஏறிய ஒருவர், முப்பது ஆண்டு மணவாழ்க்கையின் கசப்பை எடைபோட வேண்டிய நிலை முன்பு இருந்தது. மூன்றாண்டுகள் நீதிமன்ற வராந்தாவில் நின்றவர், குறைந்தபட்சம் கட்சிக்காரர் ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா பேருந்துச் செலவுக்குக் கடன் வாங்கி வருவதையாவது பார்த்திருப்பார்.

ஆனால் அந்த மூன்றாண்டுகளை யார் தாக்குப் பிடிப்பது? ஜூனியர் வழக்கறிஞர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. மூத்தவர் மனமிரங்கிக் கொடுப்பதுதான். தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஜூனியர்களுக்கு மாதம் 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் ரூபாய் வரை உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதே தொகையை இந்திய பார் கவுன்சில் அதே ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதற்கும் பரிந்துரைத்ததும் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலங்கள். வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கு மூன்றாண்டு என்பது அனுபவம். சிற்றூரிலிருந்து வந்த, வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்ணுக்கு அது தேர்வையே கைவிடுவதற்கான காரணமாகலாம். 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையின்படி மாவட்ட நீதித்துறையில் பெண்கள் 36.3 சதவீதம். இது உயர் நீதிமன்றங்களின் நிலையைவிடப் பன்மடங்கு மேல். போட்டித் தேர்வு என்ற வாசல் திறந்திருந்ததே அதற்குக் காரணம். அந்த வாசலில் இப்போது ஒரு படி கூடியிருக்கிறது.

பதினைந்து ஆண்டு அனுபவத்துக்கு இடமில்லை

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத முரண் ஒன்று உண்டு. தில்லி நீதித்துறைப் பணித் தேர்வுக்கு வயது வரம்பு 32. மற்ற மாநிலங்களில் சற்றே கூடலாம். ஆகவே நாற்பது வயதில், ஆயிரம் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்த அனுபவத்தோடு, மாஜிஸ்திரேட் ஆக வேண்டும் என்று ஒரு வழக்கறிஞர் நினைத்தால் கதவு மூடியிருக்கும். அவருக்குத் திறந்திருப்பது மேல்மாடி. ஏழாண்டு அனுபவம் இருந்தால் மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடித் தேர்வு எழுதலாம். 2025 அக்டோபர் 9-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பணியிலுள்ள நீதிபதிகளும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் சேர்த்து ஏழாண்டு முடித்திருந்தால் அதே தேர்வில் போட்டியிடலாம் என்று கூறிவிட்டதால் அங்கும் போட்டி பெருகியுள்ளது.

வென்றாலும் அவர் அமரப் போவது கூடுதல் மாவட்ட நீதிபதி இருக்கையில். கொலை வழக்கு கேட்கலாம். நில ஆர்ஜித வழக்கு கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 29-வது பிரிவில் வரும் மேல்முறையீடு கைக்கு வரலாம். ஆனால் அடிபட்ட பெண் முதன்முதலாக வந்து நிற்கும் அறை அவருடையது ஆகாது. அந்த அறைக்கு, அவ்வேலையை அறவே செய்திராத, அடுத்த மூன்றாண்டில் மாற்றலாகிப் போகும் இளைஞர் ஒருவர் அனுப்பப்படுவார். நியமனமும் இடமாற்றமும் அரசியல் சாசனத்தின் 235-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். "எனக்கு இந்த நீதிமன்றம்தான் வேண்டும்" என்று கேட்கும் பழக்கம் இங்கே இல்லை; கேட்டால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

குடும்ப நல நீதிமன்றங்களுக்கு மட்டும் நாடாளுமன்றம் நீதிபதியின் இயல்பைப் பற்றி யோசித்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-வது பிரிவு, பெண்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. சமரசம் செய்து வைக்கும் அனுபவம் உள்ளவரைத் தேடச் சொல்கிறது. கூடவே, திருமணம் என்ற அமைப்பைப் பாதுகாப்பதில் ஈடுபாடு உள்ளவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விவாகரத்து வழக்கில் அந்த ஈடுபாடு பொருத்தமானதாக இருக்கலாம். எலும்பு முறிவுச் சான்றிதழோடு வந்திருப்பவர் முன்னால் அது என்ன செய்யும்? குடும்ப வன்முறைச் சட்டமோ இந்தப் பக்கமே திரும்பவில்லை. "மாஜிஸ்திரேட்" யார் என்று அதன் இரண்டாம் பிரிவு சொல்வது பதவியின் பெயரை மட்டும்தான்.

சமரசமா, பாதுகாப்பா என்ற ஊசலாட்டம் மேல் நீதிமன்றங்களிலும் தெரிகிறது. வரதட்சிணைக் கொடுமைப் புகார்களை முதலில் குடும்ப நலக் குழுக்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு கூறியது; 2018 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அக்குழுக்களை ரத்து செய்தது; 2025 ஜூலையில் மற்றோர் அமர்வு, அலாகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த ஏறக்குறைய அதே ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. உச்சியிலேயே இப்படியென்றால் அடிமட்ட மாஜிஸ்திரேட் எந்தக் காற்றுக்குச் சாய்வார்?

டெக்சாஸ் காட்டும் கண்ணாடி

அமெரிக்காவிலும் மத்திய நீதிபதிகள் தேர்தலில் நிற்பதில்லை. அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தருகிறது. மாநில நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். ஆளுநர்கள் தம் ஆட்களுக்குப் பதவி வழங்கியதன் மீதான வெறுப்பே அதற்கு வித்து. டெக்சாஸில் நீதிபதி வேட்பாளர் கட்சிச் சின்னத்தோடுதான் நிற்கிறார்.

அம்முறையின் கவர்ச்சிக்கு நம்மவர் ஒருவரே உதாரணம். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் பீடி சுற்றிப் பிழைத்து, சட்டம் படித்து, கேரளத்திலும் பின்னர் தில்லியிலும் வழக்காடிய சுரேந்திரன் கே. பட்டேல், 2007-இல் அமெரிக்கா சென்றார். அங்கே மறுபடி தேர்வெழுதி வழக்கறிஞரானார். 2022 தேர்தலில் போர்ட் பெண்ட் கவுன்டியின் 240-வது மாவட்ட நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2023 ஜனவரியில் பதவியேற்றார். குடியேறிய பதினாறாம் ஆண்டில், நடுவயதில், தான் விரும்பிய குறிப்பிட்ட ஒரு நாற்காலியை அவரால் குறிவைக்க முடிந்தது. தில்லியிலேயே இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 2018 நவம்பரில் ஹாரிஸ் கவுன்டியில் போட்டியிருந்த 59 நீதிபதி இடங்களிலும் ஜனநாயகக் கட்சி வென்றது. தோற்ற நீதிபதிகள் அனைவரும் தகுதியற்றவர்களா? செனட் தேர்தலில் வீசிய அலையில், ஒரே பொத்தானில் கட்சிக்கு மொத்தமாக வாக்களிக்கும் வசதியால், குடும்ப நீதிமன்றம், சிறார் நீதிமன்றம் என எல்லாம் அடித்துச் செல்லப்பட்டன. நீளமான வாக்குச்சீட்டின் கடைசியில் இருந்த பெயர்களை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது அவரவர் ஊகத்துக்கு. அந்த மொத்த வாக்கு வசதியை 2020 தேர்தலிலிருந்து டெக்சாஸ் நீக்கிவிட்டது.

பணம் அடுத்த சிக்கல். நீதிபதி வேட்பாளருக்கு நன்கொடை கொடுப்பவர்களில் கணிசமானோர் நாளை அதே அறையில் வாதாடப் போகும் வழக்கறிஞர்கள். நீதிபதி வேட்பாளர் தாமே நேரில் நன்கொடை கேட்பதை மாநிலங்கள் தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் புளோரிடா வழக்கில் கூறியது. தேர்தல் நெருங்க நெருங்கத் தண்டனைகள் கடுமையாகின்றன என்று பென்சில்வேனியா நீதிமன்றங்களை ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் பக்கம் நின்று வழக்காடியவர் என்று விளம்பரம் செய்து வென்றவர் முன் நிற்கும் கணவருக்கு, தன் தரப்பு கேட்கப்படும் என்ற நம்பிக்கை இருக்குமா என்பதும் நியாயமான கேள்வியே.

1949 மே 24-இல் அரசியல் நிர்ணய சபையில் உயர் நீதித்துறை நியமனம் பற்றிப் பேசிய அம்பேத்கர், ஆட்சியாளர்களிடம் முழுமையாக விடும் பிரிட்டன் முறையையும், செனட் ஒப்புதல் பெறும் அமெரிக்க முறையையும் ஏற்காமல் நடுவழியைத் தேர்ந்தார். நீதிபதி நியமனத்தில் அரசியல் வாசம் பட்டுவிடக் கூடாது என்ற அந்த அச்சம், சாதியும் பணமும் தேர்தலைத் தீர்மானிப்பதைக் கண்கூடாகக் கண்டவர்களுக்கு இன்று இன்னும் கூடுதலாகவே புரியும். நம் வழக்கறிஞர்கள் தேர்தலுக்குப் புதியவர்களும் அல்லர். பார் கவுன்சில், வழக்கறிஞர் சங்கத் தேர்தல்களின் சுவரொட்டிகளும் விருந்துகளும் எந்த நகராட்சித் தேர்தலுக்கும் குறைந்தவை அல்ல. அவற்றில் பெண்கள் நுழையவே 2024 மே மாதம் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

மாற்றம் எங்கிருந்து?

தேர்தல் வேண்டாம் என்பதற்காக, அனுபவத்தைத் தேர்ந்து அமர்த்தும் வழியே வேண்டாம் என்றாகிவிடாது. டெக்சாஸ் தேர்தலின் குறைகளைக் கண்டு, மாவட்ட நீதிபதி வேட்பாளருக்குத் தேவையான அனுபவத்தை நான்கிலிருந்து எட்டு ஆண்டாக உயர்த்தும் திருத்தத்துக்கு 2021-இல் வாக்காளர்களே ஒப்புதல் தந்தார்கள். இங்கோ மூன்றாண்டு போதுமா என்ற அளவில் விவாதம் நிற்கிறது; அது எந்த மூன்றாண்டு என்று எவரும் கேட்பதில்லை. கம்பெனி வழக்கு எழுதியவரும் காவல் நிலையத்தில் பெண்ணோடு நின்றவரும் அச்சான்றிதழில் ஒன்றுதான்.

நாடாளுமன்றத்தில் இப்பொருள் எழும்போதெல்லாம் பேச்சு அகில இந்திய நீதித்துறைப் பணிக்கு ஓடிவிடுகிறது. 1976-இல் 42-வது திருத்தம் அதற்கு இடம் வகுத்தது. 2023 நவம்பர் 26-இல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவும் அதை வலியுறுத்தினார். மாநிலங்களிடையே கருத்தொற்றுமை இல்லை என்பதே சட்ட அமைச்சகம் அடுத்தடுத்து அளித்துவந்த பதில். அது வந்தாலும் இந்த வழக்குகளுக்குப் பயனில்லை. 312-வது பிரிவின்படி மாவட்ட நீதிபதி நிலைக்குக் குறைந்த பதவிகளை அப்பணியில் சேர்க்க முடியாது. மாஜிஸ்திரேட் அதற்கு வெளியே நிற்கிறார். சாட்சி சொல்லும் பெண்ணின் மொழி தெரியாதவரை அந்த நாற்காலியில் அமர்த்துவது எவ்வளவு சரி என்ற கேள்வியும் தனியே இருக்கிறது.

உயர் நீதிமன்றங்கள் நினைத்தால் செய்யக் கூடியவை இதைவிட எளியவை. பணியில் பத்தாண்டு கண்ட மூத்த சிவில் நீதிபதிகளை, விருப்பம் கேட்டு, மகளிர் நீதிமன்றங்களில் அமர்த்தலாம். மூன்றாண்டு இடமாற்றத்தைத் தளர்த்தலாம். 2025 தீர்ப்பு கட்டாயமாக்கிய ஓராண்டுப் பயிற்சியில் சில வாரங்களையாவது பாதுகாப்பு அலுவலரின் அறையில் கழிக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. 235-வது பிரிவே போதும். சட்டத்தின் 15-வது பிரிவு, குடும்ப நலப் பணியில் ஈடுபட்டவரை, கூடுமானவரை பெண்ணாகப் பார்த்து, மாஜிஸ்திரேட் துணைக்கு அழைத்துக் கொள்ள ஏற்கெனவே அனுமதிக்கிறது. அநேக நீதிமன்றங்களில் அது ஏட்டிலேயே உறங்குகிறது.

முட்டுக்கட்டை ஆள் பற்றாக்குறை. மாவட்ட நீதித்துறையில் அனுமதிக்கப்பட்ட சுமார் 25 ஆயிரம் இடங்களில் ஏறத்தாழ ஐந்தாயிரம் காலியாகக் கிடந்ததை அமைச்சகத்தின் பதில்களே பலமுறை ஒப்புக்கொண்டன. ஒருவர் இரண்டு நீதிமன்றங்களைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் அனுபவம் பார்த்து அமர்த்துவது பற்றிப் பேச நிர்வாக நீதிபதிகளுக்குப் பொறுமை இருப்பதில்லை. பாதுகாப்பு அலுவலர் விஷயத்திலும் இதே கதை. சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும் நிலையில், மாவட்ட, வட்ட அளவில் அவர்களை ஆறு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதத்தில்தான் நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது. மூன்றாண்டு அனுபவ விதி பிறந்ததும் அதே மாதம்தான். நீதிபதி பற்றிய தீர்ப்பு நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பிடித்தது. அவர் கையில் அறிக்கை கொடுக்க வேண்டிய அலுவலர் பற்றிய உத்தரவு உள்பக்கங்களோடு நின்றுவிட்டது.